சிறுவர் முகாமில் முதல்முறை கவுன்சலராகப் போகிறவருக்கு: நிகழ்ச்சி நிரலில் இல்லாத நேரங்கள்

கேள்வி இது: "சபை நடத்தும் ஒரு வார கோடைக்காலச் சிறுவர் முகாமில் தன்னார்வ கவுன்சலராகச் சேர்ந்திருக்கிறேன். வயது 19. 9 முதல் 11 வயது வரையுள்ள எட்டுப் பையன்களோடு ஒரே அறையில் தங்க வேண்டும். ஓய்வுநாள் பள்ளியில் உதவி செய்த பழக்கம் மட்டும் உண்டு. வேதபாடத்துக்கு நன்றாகத் தயாரித்துவிட்டேன். வேறு என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும்?"

வேதபாடம் தயாராக இருப்பது நல்லதுதான். ஆனால் அது ஒரு நாளில் முப்பது, நாற்பது நிமிடம். காலைக் கூட்டம், ஆக்‌ஷன் பாட்டு, விளையாட்டு, கைவேலை, இரவு நிகழ்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். நீங்கள் பிள்ளைகளோடு போய் உட்கார்ந்தால் போதும். யார் கணக்கிலும் வராத நேரங்கள் என்று சில உண்டு. எழுந்ததிலிருந்து காலை உணவு வரை, ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்த இடத்துக்கு நடந்துபோகும் பத்து நிமிடம், மதிய ஓய்வு, குளியல், விளக்கணைத்த பிறகு வரும் அரை மணி நேரம். சண்டை, காயம், கேலி, அழுகை எல்லாம் பெரும்பாலும் இந்த நேரங்களில்தான் வரும். பிள்ளை மனம்விட்டுப் பேசுவதும் அப்போதுதான். கவுன்சலரை வைத்திருப்பதே இந்த நேரங்களுக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டு தயாராகுங்கள்.

போகும் முன் கேட்டுத் தெளிய வேண்டியவை

போதகரின் பரிந்துரைக் கடிதம், பின்னணிச் சரிபார்ப்பு, விசுவாச அறிக்கையில் கையெழுத்து, பயிற்சி நாள் இவையெல்லாம் முகாம் தரப்பிலிருந்தே வந்துவிடும். பின்னணிச் சரிபார்ப்பு எதுவும் கேட்காமல், "வந்து சேருங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் முகாமாக இருந்தால் யோசித்துப் போங்கள். உங்களையே விசாரிக்காதவர்கள் உங்களோடு தங்கப்போகிற மற்றவர்களையும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

இயக்குநரிடம் நீங்களாகக் கேட்க வேண்டியவை சில உண்டு. என் அறையில் இரவில் இன்னொரு பெரியவர் இருப்பாரா? நள்ளிரவில் ஒரு பையனுக்கு வாந்தி என்றால் யாரை எழுப்புவது, அவர் எங்கே படுத்திருப்பார்? மருந்து யார் கையில்? பிள்ளைகளின் கைபேசிகளை வாங்கி வைப்பீர்களா? ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னால் நான் யாரிடம் போக வேண்டும்? எனக்கு எப்போது ஓய்வு? போக்குவரத்து, தங்கும் செலவு யாருடையது? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். சில முகாம்களில் தன்னார்வலரும் தன் செலவைத் தானே ஏற்க வேண்டியிருக்கும். அது போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்தால் கசப்புதான் மிஞ்சும்.

ஆள் கணக்குக்கு ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், அமெரிக்க முகாம் சங்கத்தின் தரவிதியை எடுத்துப் பார்க்கலாம். இரவு தங்கும் முகாமில் 6 முதல் 8 வயதுக்கு ஆறு பிள்ளைகளுக்கு ஒருவர், 9 முதல் 14 வரை எட்டுப் பேருக்கு ஒருவர், 15 முதல் 18 வரை பத்துப் பேருக்கு ஒருவர். உங்கள் எட்டுப் பையன்கள் இந்த எல்லையில் சரியாக நிற்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவனை நர்ஸிடம் கூட்டிப்போனால் மீதி ஏழு பேருக்கு யார்? அதனால்தான் இரண்டாவது பெரியவர் அறைக்குள்ளோ, கூப்பிட்டால் கேட்கும் தூரத்திலோ இருக்க வேண்டும் என்று வற்புறுத்திக் கேட்கச் சொல்கிறேன்.

எடுத்துப்போக வேண்டிய பொருள்களில் பலரும் மறப்பவை: கைக்கடிகாரம், அலாரம் கடிகாரம் (கைபேசியைப் பூட்டி வைக்கச் சொல்வார்கள்), டார்ச், அதற்கு மாற்று பேட்டரி, விசில், சட்டைப் பையில் அடங்கும் நோட்டு, ஈரமானால் மாற்ற இன்னொரு ஜோடி ஷூ, பிள்ளைகள் கையில் இருக்கப்போகும் அதே மொழிபெயர்ப்பில் அச்சிட்ட வேதாகமம். கைபேசியில் வேதாகமம் படித்தால் பிள்ளைகளின் கண் திரையில்தான் இருக்கும். காதை அடைத்துக்கொண்டு தூங்கும் பழக்கம் இருந்தால் இந்த வாரம் விட்டுவிடுங்கள். இரவில் அழும் குரல் உங்களுக்குக் கேட்டாக வேண்டும். பொருள் எதுவும் தேவைப்படாத விளையாட்டு ஐந்தாறு மனப்பாடமாக இருக்கட்டும். சாப்பாட்டு வரிசையில் இருபது நிமிடம் நிற்க நேர்ந்தால் அவைதான் கைகொடுக்கும்.

தனியாக இருக்காதே என்ற விதி

எந்த முகாமிலும் முதலில் சொல்லித் தரப்படுவது இதுதான். ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும், மற்றவர் கண்ணில் படாத இடத்தில் இருக்கக் கூடாது. பேச வேண்டுமென்றால் மைதான ஓரத்து பெஞ்சு, கதவு திறந்த அறை, சாப்பாட்டுக் கூடத்தின் மூலை. மற்றவர் காதில் விழாத தூரம் போதும், கண்ணில் பட வேண்டும். கழிவறைக்குப் பயந்து துணை கேட்கும் பையனோடு இன்னொரு பையனையும் எழுப்பிக் கூட்டிப்போங்கள். நீங்கள் வெளிக் கதவருகில் நில்லுங்கள். குளியலறையில் மேற்பார்வை என்றால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெளியே நிற்பது. நீங்கள் குளிப்பது வேறு நேரத்தில். பிள்ளையின் கட்டிலில் உட்காரவோ படுக்கவோ வேண்டாம். மடியில் உட்கார வைப்பது, முதுகில் தூக்குவது, கிச்சுக்கிச்சு மூட்டுவது எதுவும் வேண்டாம். பிள்ளை தானே வந்து கட்டிக்கொண்டால் பக்கவாட்டில் தோளை அணைத்து, எல்லோரும் பார்க்கும்படி, சீக்கிரமாக விட்டுவிடுவது முறை.

இரகசியமும் தனிப் பரிசும் கூடாது என்பதும் இதே விதியில் சேரும். "இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்" என்ற வார்த்தை விளையாட்டுக்குக்கூட உங்கள் வாயில் வரக் கூடாது. தீய எண்ணத்தோடு பிள்ளையை நெருங்குகிறவன் முதலில் பழக்குவது இந்த வார்த்தையைத்தான். நல்ல கவுன்சலர் ஒருவரிடமே அதைக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு வேறொருவன் சொல்லும்போது சந்தேகம் வராது.

முதல் நாள்

பிள்ளைகள் வந்து இறங்கும் முன் அவர்களின் உடல்நலப் படிவங்களைப் படித்திருக்க வேண்டும். ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, தூக்கத்தில் நடப்பது, படுக்கை நனைவது, அண்மையில் வீட்டில் நடந்த சாவோ பிரிவோ. உங்கள் நோட்டில் ஒரு பக்கத்தில் எட்டுப் பெயர்கள், எதிரே ஒரு வரி. அந்த நோட்டு உங்கள் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும், கட்டிலின் மேல் கிடக்கக் கூடாது. பெட்டியில் வரும் மருந்துகள் அனைத்தும், தலைவலி மாத்திரை உட்பட, அதன் சொந்த டப்பாவோடு நர்ஸிடம் போய்விட வேண்டும். விதிவிலக்கு உயிர்காக்கும் மருந்து. இன்ஹேலரும் ஒவ்வாமைக்கான ஊசிப் பேனாவும் பிள்ளையிடமோ உங்களிடமோ எப்போதும் கையோடு இருக்க நர்ஸ் ஏற்பாடு செய்வார். அந்த ஊசியைப் போடும் முறையை முதல் நாளே அவரிடம் செய்துபார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்.

கட்டில் பிரிப்பதை, முதலில் வந்தவனுக்கு முதல் கட்டில் என்று விட்டுவிடாதீர்கள். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டு 6 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆகாது. உங்கள் பையன்கள் பெரியவர்கள்தான் என்றாலும், தூக்கத்தில் நடப்பவன், படுக்கை நனைப்பவன், இரவில் அடிக்கடி எழுபவன் மூவரும் கீழ்தட்டில். வெட்கப்படுவான் என்று தோன்றினால் காரணத்தைச் சொல்லாமல் நீங்களே பெயர் எழுதிய அட்டையை முன்னதாகக் கட்டிலில் ஒட்டிவிடலாம். ஏற்கெனவே நண்பர்களாக வந்த இருவரை அருகருகே விடலாம். மூவராக வந்தால் சிறிது பிரித்து வையுங்கள், மூவர் கூட்டம் மற்ற ஐவரை எளிதில் வெளியே தள்ளிவிடும். உங்கள் கட்டில் கதவுக்குப் பக்கம்.

சுற்றிக் காட்டும்போது முதலில் கழிவறை. பிறகு தண்ணீர் இருக்கும் இடம், நர்ஸ் அறை, தாண்டக் கூடாத எல்லை, தீ விபத்து என்றால் கூடும் இடம். அறை விதிகள் நான்கு போதும். பிள்ளைகளிடமே கேட்டு எழுதினால் அவர்கள் இருபது சொல்வார்கள், சேர்த்துக் குறைத்து நான்காக்குங்கள். மதிய உணவுக்குள் எட்டுப் பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். "ஏய் தம்பி", "சிவப்புச் சட்டை" என்று கூப்பிடுவது அன்று மாலையோடு நிற்க வேண்டும்.

எண்ணுவது

ஒவ்வொரு இடமாற்றத்திலும் இரண்டு முறை எண்ணுங்கள்: கிளம்பும்போது, சேர்ந்தபிறகு. தலையை எண்ணினால் வேறு குழுப் பையன் ஒருவன் கலந்திருந்து கணக்குச் சரியாக வந்துவிடலாம். அதனால் ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, நீங்கள் "எண்ணு" என்றதும் ஒன்று முதல் எட்டு வரை அவர்களே உரக்கச் சொல்லும்படி பழக்குங்கள். ஐந்து வராவிட்டால் யார் இல்லை என்பது அந்த நொடியே தெரியும். ஆள் குறைந்தால் தனியாகத் தேடிக்கொண்டு ஓடாதீர்கள். மற்ற ஏழு பேரை இன்னொரு கவுன்சலரிடம் ஒப்படைத்து, உடனே பொறுப்பாளருக்குச் சொல்லுங்கள். திட்டு விழுமே என்று பத்து நிமிடம் தாமதிக்கிறவர்கள் உண்டு. அந்தப் பத்து நிமிடம் தண்ணீர் பக்கமுள்ள முகாமில் மிகவும் அதிகம்.

தண்ணீர் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். நீச்சல் இடத்தில் லைஃப்கார்டு இருக்கிறார் என்று கவுன்சலர்கள் கரையில் உட்கார்ந்து அரட்டை அடிப்பதை நிறையப் பார்க்கலாம். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கை ஆட்டாது; மூச்சு விடவே போராடும் வாய்க்குக் கூப்பிட நேரமில்லை. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் இருந்து, முன்னேறாமல் செங்குத்தாக நின்றால் அதுதான் அடையாளம். இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விசில் அடித்ததும் சோடிகள் கைகோத்து உயர்த்த வேண்டும் என்பது பழைய, நல்ல முறை. சோடி இல்லாமல் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது, ஒருவன் ஏறினால் மற்றவனும் ஏற வேண்டும். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் எட்டுப் பேரை மட்டும். லைஃப்கார்டு முழு இடத்தையும் பார்ப்பார்.

வீட்டு ஞாபகம்

முதல்முறை வரும் கவுன்சலரை அதிகம் கலங்கடிப்பது இதுதான். பிள்ளை "வீட்டு ஞாபகமா இருக்கு" என்று நேராகச் சொல்லாது. வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது, சாப்பாடு பிடிக்கவில்லை, இந்த விளையாட்டு போர் என்று வரும். வரும் நேரமும் ஏறக்குறைய நிச்சயம்: மதிய ஓய்வு, சாப்பாட்டு மேசை, படுக்கப் போகும் நேரம். கைக்கு வேலை இருக்கும்போது வராது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாம், மூன்றாம் நாளுக்குள் தணிந்துவிடும்.

செய்ய வேண்டியது சிறிது. அருகில் உட்கார்ந்து, அது இயல்பு, பலருக்கும் வரும், கொஞ்ச நேரத்தில் குறையும் என்று சொல்லுங்கள். வீட்டைப் பற்றிக் கேளுங்கள். நாய்க்குட்டி, தங்கை, தாத்தா என்று பேசவிட்டால் அழுகை கூடும் என்று பயப்படுகிறார்கள், உண்மையில் பேசினால் இறங்கும். பிறகு ஒரு சிறிய வேலை கொடுங்கள்: தண்ணீர் கூஜா தூக்குவது, மேசைக்குத் தட்டு வைப்பது. வீட்டுக்குக் கடிதம் எழுதச் சொல்லலாம். "இன்று நடந்த ஒரு நல்லதையும் எழுது" என்று கேளுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. "நாளைக்கும் இப்படியே இருந்தால் அப்பாவைக் கூப்பிடுகிறேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கணத்திலிருந்து பிள்ளையின் முழு மனமும் நாளை எப்போது வரும் என்பதில்தான் இருக்கும், முகாமில் இருக்காது. "பிடிக்கலைன்னா வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று பெற்றோர் சொல்லி அனுப்பிய பிள்ளையின் மனத்தை மாற்றுவதுதான் மிகவும் கடினம். அப்படி ஏதும் பேச்சு நடந்ததா என்று விசாரித்துப் பாருங்கள், இருந்தால் இயக்குநருக்குச் சொல்லுங்கள். சாப்பிடவே மறுப்பது, இரண்டு இரவு தூங்காதது, யாரோடும் சேராமல் ஒதுங்கியே இருப்பது என்றால் அது உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டது. பெற்றோரைக் கூப்பிடுவதா என்பதை இயக்குநர் முடிவு செய்வார்.

இதில் கிறிஸ்தவ முகாமுக்கே உரிய ஒரு தவறு உண்டு. அழும் பிள்ளையிடம், "இயேசு உன்னோடு இருக்கிறார், பிறகு ஏன் அழுகிறாய்?" என்று கேட்பது. ஆறுதல் என்று நினைத்துத்தான் கேட்கிறார்கள். பிள்ளை காதில் விழுவது, அழுதால் விசுவாசம் இல்லை என்பது. லாசருவின் கல்லறையருகே இயேசுவே கண்ணீர் விட்டார் என்பதைச் சொல்லி, பிறகு அவனோடு சேர்ந்து ஒரு சின்ன ஜெபம் செய்யலாம், அவன் சம்மதித்தால்.

இரவும் காலையும்

6 முதல் 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். முகாமில் முதல் இரவு அது கிடைக்காது, அது தெரிந்ததே. இரண்டாவது இரவும் விட்டுவிட்டால் மூன்றாம் நாள் மதியம் அறை முழுவதும் சண்டைதான். படுக்கும் வரிசை ஒவ்வொரு நாளும் ஒன்றாகவே இருக்கட்டும்: பல் துலக்கல், கழிவறை, தண்ணீர், கட்டிலில் ஏறிய பிறகு பத்து நிமிடம் பேச்சு, ஜெபம், விளக்கு. விளக்கணைத்த பிறகு நீங்கள் மெதுவான குரலில் நீண்ட கதை ஒன்றைச் சொன்னால், திருப்பமே இல்லாத கதையாக இருந்தால் இன்னும் நல்லது, பாதிப் பேர் முடிவதற்குள் தூங்கிவிடுவார்கள். பேய்க் கதை வேண்டாம். நரகத்தைப் பற்றிய பேச்சும் அந்த நேரத்துக்கு வேண்டாம்.

படுக்கை நனைந்தால்: இந்த வயதில் அது அரிதான ஒன்றல்ல, புது இடம், ஆழ்ந்த களைப்பு இரண்டும் சேர்ந்தால் வீட்டில் நின்றுபோனவனுக்கும் திரும்ப வரும். படிவத்தில் குறிப்பு இருந்தால், நீங்கள் படுக்கப் போகும் முன் அவனை மெல்ல எழுப்பிக் கழிவறைக்கு அனுப்புங்கள். இங்கும் துணைக்கு இன்னொருவர். மெத்தை மேல் நீர்புகா விரிப்பு, கட்டிலடியில் மாற்று விரிப்பும் உடையும். காலையில் நனைந்திருப்பது தெரிந்தால் முகத்தில் எதையும் காட்டாதீர்கள். எல்லோரையும் வழக்கம்போல உணவுக்குக் கிளப்புங்கள். அந்த நேரத்தில் உதவியாளர் ஒருவர் வந்து விரிப்பை மாற்றிவிட வேண்டும். இதற்கு முதல் நாளே அவரோடு ஒரு சாடை பேசி வைத்துக்கொள்வது நல்லது. மற்ற பையன்களுக்குத் தெரிந்துவிட்டால் ஒரே வரியில் முடியுங்கள்: "சிலருக்கு நடக்கும், இதைப் பற்றி இனி பேச்சில்லை." நீண்ட அறிவுரை அவனைத்தான் மேலும் கூச வைக்கும். பகலில் தண்ணீரைக் குறைக்கவும் வேண்டாம்.

உடம்பு

மூன்றாம் நாள் வயிற்றுவலி என்று வருகிறவனிடம், கடைசியாக எப்போது மலம் கழித்தான் என்று கேளுங்கள். பாதிக்குப் பாதி, வந்ததிலிருந்து போகவே இல்லை என்று பதில் வரும். பொதுக் கழிவறை, தாழ்ப்பாள் சரியில்லை, யாரோ கதவைத் தட்டுகிறார்கள், அடக்கிக்கொள்கிறான். கூட்டம் இல்லாத நேரம் ஒன்றை ஒதுக்கி, கதவருகே யாரும் நிற்காதபடி பார்த்துக்கொண்டால் வலி அங்கேயே தீரும். மருந்து தேவையா என்பது நர்ஸின் வேலை. நீங்கள் எந்த மாத்திரையையும் கொடுக்கக் கூடாது.

மூக்கில் இரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்கக் கூடாது. நிமிர்ந்து உட்கார வைத்து, சற்று முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் விட்டுப் பார்ப்பதால்தான் நிற்காமல் போகிறது. தலையில் அடிபட்டால், பிள்ளை சிரித்துக்கொண்டு ஓடினாலும், அப்போதே நர்ஸிடம். வெயிலில் தலைவலி, மயக்கம், குமட்டல் என்றால் நிழல், தண்ணீர், ஓய்வு. பேச்சு குழறினாலோ சொல்வது புரியாமல் விழித்தாலோ அது வெப்பத்தாக்கு, உடம்பை உடனே நீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே அவசர உதவியைக் கூப்பிட வேண்டும். இதை எல்லாம் பயிற்சி நாளில் சொல்வார்கள். சொல்லாமல் விடுவது பாதம்: ஈர சாக்ஸோடு நாள் முழுதும் நடந்து கொப்புளம் போட்டவன் அடுத்த நாள் எந்த விளையாட்டிலும் சேர மாட்டான், அது அடம் என்று உங்களுக்குத் தோன்றும். இரவில் எல்லோரும் சாக்ஸை மாற்றினார்களா என்று பாருங்கள்.

அடங்காதவன்

எட்டுப் பேரில் ஒருவனாவது உங்கள் பொறுமையைச் சோதிப்பான். எல்லோர் முன்னும் கண்டித்தால் அவனுக்குப் பார்வையாளர்கள் கிடைக்கிறார்கள், அடுத்த முறை இன்னும் நன்றாக நடிப்பான். அருகில் போய் நின்று தாழ்ந்த குரலில் இரண்டு வழி கொடுங்கள்; இரண்டும் உங்களுக்குச் சம்மதமானவையாக இருக்க வேண்டும். "இப்ப எங்களோட விளையாடலாம், இல்லைன்னா அந்த பெஞ்சுல உட்கார்ந்து ஸ்கோர் எழுதலாம்." செய்ததும் என்ன செய்தான் என்று குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். "நல்ல பையன்" என்று பொதுவாகச் சொன்னால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது.

சாப்பாட்டை, தூக்கத்தை, நீரை, வீட்டுக் கடிதத்தை ஒருபோதும் தண்டனையாக நிறுத்தக் கூடாது. வசனத்தை ஐம்பது முறை எழுத வைப்பது, தண்டனையாக ஜெபிக்கச் சொல்வது இரண்டும் சில இடங்களில் இன்னும் நடக்கிறது. வேதத்தைக் கண்டால் கை வலிதான் ஞாபகம் வரும் என்று ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க இதைவிட நேரான வழி இல்லை. அடிப்பது, மிரட்டுவது பற்றிப் பேச்சே இல்லை. நீங்கள் கொதித்துப்போனால் உதவியாளரிடம் அறையை ஒப்படைத்து ஐந்து நிமிடம் வெளியே நடந்துவிட்டு வாருங்கள். அது கௌரவக் குறைச்சல் இல்லை.

வேதபாடம்

தயாரித்துவிட்டேன் என்றீர்கள், அதனால் சுருக்கமாக. இந்த வயதுக்கு 15 முதல் 20 நிமிடம் உட்கார்ந்து கேட்பது. மீதி நேரம் கைக்கும் காலுக்கும் ஏதாவது. சிறுவர் ஊழியத்தில் இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1868இல் வேல்ஸ் நாட்டின் லாண்டட்னோ கடற்கரையில் ஜோசையா ஸ்பையர்ஸ், "தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று மணலில் எழுதி, பிள்ளைகளைக் கொண்டு அந்த எழுத்துகளைக் கடற்பாசியாலும் கல்லாலும் அலங்கரிக்க வைத்து, பிறகுதான் கதை சொன்னார்.

ஒரு பகுதியை எடுத்துப் பார்ப்போம்: மாற்கு 4:35–41, புயலை அமர்த்தியது. "இதில் நாம் கற்கும் பாடம் என்ன?" என்று தொடங்கினால் எல்லோரும் "இயேசுவை நம்ப வேண்டும்" என்று ஒப்பித்துவிடுவார்கள், பாடம் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும். பார்க்க வைக்கும் கேள்வியில் தொடங்குங்கள். இயேசு படகில் எந்தப் பக்கம் படுத்திருந்தார்? தலைக்கு என்ன வைத்திருந்தார்? தலையணை என்று மாற்கு மட்டும்தான் சொல்கிறார், கண்டுபிடித்தவன் குதிப்பான். வேறு படகுகளும் கூட இருந்தன என்பதும் மாற்குவில்தான். அவற்றில் இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? அடுத்து, சீஷர்கள் இயேசுவிடம் எப்படிப் பேசினார்கள், மரியாதையாகவா, கோபமாகவா? புயல் அடங்கிய பிறகும் ஏன் பயந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு உங்களிடமும் முழு விடை இருக்க வேண்டியதில்லை. வட்டமாக உட்கார வைத்து ஆளுக்கு ஒரு வசனம் என்று வாசிக்க வைக்காதீர்கள். சரளமாக வாசிக்கத் தெரியாதவன் தன் முறை வரும்வரை கதை எதையும் கேட்க மாட்டான், நடுங்கிக்கொண்டிருப்பான். விரும்பியவர் வாசிக்கட்டும். ஜெபமும் அப்படியே.

உங்கள் குழுவில் வேறு சபைப் பிள்ளைகளும், சபைக்கே போகாத வீட்டுப் பிள்ளைகளும் இருக்கலாம். ஞானஸ்நானம், திருவிருந்து, புனிதர்கள் என்று சபைக்குச் சபை வேறுபடும் விஷயத்தைக் கேட்டால், "சபைகள் இதில் வேறு வேறாக நம்புகின்றன, உன் அப்பா அம்மாவிடமும் போதகரிடமும் கேள்" என்பது நேர்மையான பதில். "பாட்டி இறந்துட்டாங்க, அவங்க பரலோகத்துல இருப்பாங்களா?" என்று கேட்டால் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். பாட்டியைப் பற்றிக் கேளுங்கள். அவன் கேட்பது பெரும்பாலும் இறையியல் இல்லை, இழப்பு.

கடைசி இரவு நெருப்பைச் சுற்றிய கூட்டத்தில் அர்ப்பணிப்பு அழைப்பு, அதாவது இயேசுவுக்குத் தன்னை ஒப்புக்கொடுக்கிறவர் எழுந்து நில்லுங்கள் என்ற அழைப்பு, இருக்கக்கூடும். ஒரு வாரக் களைப்பு, பாட்டு, இருட்டு, பக்கத்தில் இருப்பவன் எழுந்து நிற்கிறான். 10 வயதுப் பையன் எழுந்து நிற்க இதுவே போதும். பெரியவர்களைச் சந்தோஷப்படுத்தவும் நிற்பான். அதனால் அது பொய் என்று சொல்லவில்லை. அடுத்த நாள் பகலில், மற்றவர் கண்ணில் படும் இடத்தில், "நேற்று எழுந்து நின்றாயே, உனக்கு அது என்னவாக இருந்தது?" என்று கேட்டு, அவன் சொல்வதைக் கேளுங்கள். வாயில் வார்த்தையை ஊட்டாதீர்கள். நிற்காதவர்களை ஏன் நிற்கவில்லை என்று கேட்கவே கூடாது. எத்தனை பேர் என்று கணக்கெடுத்து அறைகளுக்குள் போட்டியாக்கும் பழக்கம் இருந்தால் நீங்கள் அதில் சேராதிருங்கள்.

பிள்ளை ஒரு கொடுமையைச் சொன்னால்

இது உங்கள் வாரத்தில் நடக்காமல் போகலாம். நடந்தால் யோசிக்க நேரம் இருக்காது, அதனால் முன்பே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். "யாரிடமும் சொல்லாதீங்க அண்ணா" என்று தொடங்கினால், "உன்னைக் காப்பாற்ற உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்ல வேண்டியிருக்கும்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இரகசியம் காப்பதாக வாக்களித்து மீறினால் பிள்ளை இனி யாரையும் நம்பாது. அமைதியாகக் கேளுங்கள். அதிர்ச்சியோ அருவருப்போ முகத்தில் தெரிந்தால் பேச்சு நின்றுவிடும். "அவர் உன்னைத் தொட்டாரா?" என்பதுபோல் விடையைத் திணிக்கும் கேள்வி வேண்டாம், "பிறகு என்ன நடந்தது?" போதும். சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள், உன் மேல் தவறில்லை என்று சொல்லுங்கள். முடிந்ததும் பிள்ளையின் வார்த்தைகளை அப்படியே, நேரத்தோடு, எழுதி வையுங்கள். அன்றே, அந்த மணிக்குள்ளேயே, இதற்கென்று நியமிக்கப்பட்டவரிடம் ஒப்படையுங்கள். பெற்றோரையோ குற்றம் சாட்டப்பட்டவரையோ நீங்களாகக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். குற்றம் சாட்டப்படுகிறவர் முகாம் ஊழியராகவோ போதகராகவோ இருந்தாலும் இதே முறைதான், அவருக்கு மேலிருப்பவரிடமும் சட்டம் சொல்லும் அதிகாரியிடமும் போக வேண்டும். "ஊழியத்துக்குக் கெட்ட பெயர் வரும், மன்னித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், புகார் செய்யும் சட்டக் கடமை பல நாடுகளில் முகாமுக்கும் உண்டு என்பதை நினைவூட்டுங்கள். உங்கள் நாட்டில் எப்படி என்பதைப் பயிற்சி நாளிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

உங்களைப் பற்றி

மூன்றாம் நாள் தொண்டை கட்டும். கத்துவதற்குப் பதிலாக முதல் நாளே ஒரு கைத்தட்டுத் தாளத்தைப் பழக்குங்கள்: நீங்கள் தட்ட, அவர்கள் திரும்பத் தட்டிவிட்டு அமைதியாக வேண்டும். ஓய்வு நேரம் கொடுத்தால் தூங்குங்கள். மற்ற கவுன்சலர்களோடு நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருக்கும் ஆசை வரும், அதன் விலையை மறுநாள் பிள்ளைகள் கொடுப்பார்கள். உதவியாளரோடு மனக்கசப்பு வந்தால் பிள்ளைகள் இல்லாத இடத்தில் அன்றே பேசிவிடுங்கள். சண்டையிட்ட இரண்டு பெரியவர்களை எட்டுப் பையன்கள் அரை நாளில் கண்டுபிடித்து இருவரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்கிக்கொள்வார்கள்.

கிளம்பும் நாள்

பெட்டி கட்டுவதை முந்தைய மாலையே பாதி முடித்துவிடுங்கள். காலையில் தொடங்கினால் ஒரு சாக்ஸ், ஒரு துண்டு, ஒரு வேதாகமம் கட்டாயம் தங்கிவிடும். கட்டிலடி, ஜன்னல் விளிம்பு, குளியலறைக் கொக்கி மூன்றையும் நீங்களே பாருங்கள். நர்ஸிடம் இருக்கும் மருந்து திரும்பிப் பெற்றோர் கைக்குப் போனதா என்று கேளுங்கள். படிவத்தில் பெயர் உள்ளவரிடம் மட்டும், அடையாள அட்டை பார்த்து, கையெழுத்து வாங்கி, பிள்ளையை விடுங்கள். "நான் அவன் சித்தப்பா" என்று சிரித்துக்கொண்டு வருகிறவரை பிள்ளையே ஓடிக் கட்டிக்கொண்டாலும், பட்டியலில் பெயர் இல்லையென்றால் இயக்குநரிடம் அனுப்புங்கள்.

பெற்றோரிடம் ஒவ்வொரு பையனைப் பற்றியும் ஒரே ஒரு குறிப்பான நல்ல செய்தி வையுங்கள்: "செவ்வாய்க்கிழமை இன்னொரு பையன் அழுதப்போ, இவன் தன் டார்ச்சைக் கொடுத்தான்." உங்கள் நோட்டில் தினம் இரவு ஆளுக்கு ஒரு வரி எழுதி வந்திருந்தால் இது கடினமில்லை. பிள்ளைகள் கைபேசி எண் கேட்பார்கள். தனிப்பட்ட தொடர்பு வேண்டாம், முகாம் அலுவலகம் வழியாகக் கடிதம் எழுதலாம் என்று சொல்லுங்கள். எல்லோரும் போன பிறகு அந்த நோட்டில் உடல்நலக் குறிப்புள்ள பக்கங்களை இயக்குநரிடம் கொடுத்துவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோக அது உங்களுடையது இல்லை.